மைராவின் ஆயர் நிக்கோலாஸ் எப்படிக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனார்?

கேள்வி இதுதான்: "கிறிஸ்துமஸ் தாத்தா பைபிளில் எங்கும் இல்லை. கோகோ கோலா கம்பெனி விளம்பரத்துக்காக உருவாக்கிய ஆள்தான் அவர் என்றும் சொல்கிறார்கள். அவருக்கும் ஆதித் திருச்சபைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா, இல்லை பின்னால் ஒட்டவைத்த கதையா? ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?"

தொடர்பு உண்டு. அது நான்காம் நூற்றாண்டு வரை போகிறது. இன்றைய துருக்கியின் தென்கடற்கரையில் மைரா என்ற ஊரில் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்த நிக்கோலாஸ்தான் அந்தத் தாத்தாவின் வேர். ஆனால் அவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கதையில் பரிசே கிடையாது. அதில் வருவது ஒரு கொலைக்களம், ஓங்கிய வாள், லஞ்சம் வாங்கிய ஆளுநர். பரிசுக் கதை அதற்குப் பிறகுதான் எழுத்தில் வருகிறது. இந்த வரிசை தெரிந்தால்தான் அந்த மனிதர் யார் என்பது புரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஊர். லிசியா நாட்டின் முக்கியமான நகரம் மைரா. இன்று அதன் பெயர் டெம்ரே, அந்தால்யா மாகாணத்தில் இருக்கிறது. பைபிள் வாசிப்பவர்களுக்கு இது புது ஊர் அல்ல. அப்போஸ்தலர் பணி 27ஆம் அதிகாரத்தில் பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும்போது இங்கேதான் கப்பல் மாற்றுகிறார்கள். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் 'மீறா' என்று இருக்கும். பவுல் ஏறிய அந்த இரண்டாவது கப்பல் அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போன கப்பல். அதில் கோதுமை இருந்ததை அதே அதிகாரமே பிறகு சொல்கிறது. எகிப்தின் தானியம் ரோமுக்கும், பின்னர் கான்ஸ்டான்டினோபிளுக்கும் (இன்றைய இஸ்தான்புல்) போகிற கடல்வழியில் மைராவின் துறைமுகம் ஆண்ட்ரியாக்கே ஒரு நிறுத்தம். அங்கே பேரரசர் ஹட்ரியன் காலத்தில் கட்டிய பெரிய தானியக் களஞ்சியம் இன்னும் நிற்கிறது, இப்போது அது அருங்காட்சியகம். மாலுமிகள், தானியம், தூரதேசத்துக் கப்பல்கள் என்று நிக்கோலாஸ் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் இந்தத் துறைமுகத்தின் அன்றாட வாழ்க்கைதான்.

இனி மனிதர். பிறந்த ஊர் பக்கத்திலுள்ள பத்தாரா, இறந்த நாள் டிசம்பர் 6, இறந்த ஆண்டு 343 என்பது மரபு. நாள் உறுதியாகவே கொண்டாடப்பட்டு வந்திருக்கிறது. ஆண்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவர் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அவர் காலத்தில் வாழ்ந்த யாரும் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. திருச்சபை வரலாறு எழுதிய யுசேபியஸ் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆயர்கள் பலரை நேரில் அறிந்த அத்தனாசியுஸும் சொல்லவில்லை. இதை வைத்து, "அப்படி ஒருவர் இருந்ததே இல்லை" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு என்பதே என் கருத்து. நான்காம் நூற்றாண்டின் பெரும்பாலான ஆயர்கள் பெயர்ப்பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே நமக்குத் தெரிகிறார்கள், பலர் அப்படியும் இல்லை.

மறுபக்கம் இருக்கும் சான்றுகளைப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டினோபிளில் புனித பிரிஸ்கஸ், புனித நிக்கோலாஸ் இருவர் பெயரிலும் ஒரு கோயில் கட்டினார். அவருடைய கட்டடங்களைப் பற்றி எழுதிய புரோகோப்பியஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதே நூற்றாண்டில் மைராவுக்கு மேலே மலையில் சியோன் என்ற மடத்தின் தலைவராக இருந்தவர் பெயரும் நிக்கோலாஸ்தான். அவர் 564இல் இறந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் மைராவிலிருந்த புனித நிக்கோலாஸின் நினைவுக் கோயில், மக்கள் கூடுகிற இடமாக வருகிறது. அதாவது அப்போதே கல்லறை இருந்தது, திருவிழா இருந்தது, தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கும் பழக்கமும் அந்தப் பகுதியில் ஊன்றிவிட்டது. ஓர் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கல்லறையைச் சுற்றி வந்திருக்கிறார்கள் என்றால் அதற்குள் ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

இந்தச் சியோன் நிக்கோலாஸால் பிற்காலத்தில் பெரிய குழப்பமும் வந்தது. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் புனிதர் வரலாறுகளைத் தொகுத்தவர்கள் இரண்டு பேரையும் ஒருவராகக் கலந்துவிட்டார்கள். நிக்கோலாஸின் பெற்றோர் எபிஃபானியஸ், நோன்னா என்று படித்திருப்பீர்கள். அந்தப் பெயர்கள் சியோன் நிக்கோலாஸின் பெற்றோருடையவை. எருசலேமுக்குக் கடல் வழியாகப் போன கதையும் அவருடையதுதான். நம் ஊரில் விற்கும் சிறு வாழ்க்கை வரலாற்றுப் புத்தகங்களிலும் இந்தக் கலப்பு அப்படியே வருவதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இவற்றை விட்டுவிடுவது நல்லது.

காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இதமான காலம் அல்ல. 303இல் ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்கள்மீது பெரும் துன்புறுத்தலைத் தொடங்கினார். கிழக்குப் பகுதிகளில் அது பத்து வருடம் வரை விட்டுவிட்டு நடந்தது. லிசியாவிலேயே, மைராவுக்குத் தொலைவில்லாத ஆரிக்காண்டாவில், 312ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களை அடக்க வேண்டும் என்று லிசியா, பம்பிலியா மக்கள் பேரரசர் மாக்சிமினுஸுக்கு அனுப்பிய விண்ணப்பம் அது. நிக்கோலாஸ் சிறையில் இருந்தார் என்று பிந்திய நூல்கள் சொல்வதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் அவர் சபை எப்படிப்பட்ட அக்கம்பக்கத்தாரோடு வாழ்ந்தது என்பதற்கு இந்தக் கல் சாட்சி. அடுத்த சில வருடங்களிலேயே நிலைமை தலைகீழாக மாறியது. புதிய பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு தந்தார். நேற்றுவரை ஒளிந்து திரிந்த ஆயர்களுக்குத் திடீரென்று வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் ஆளுநரோடு நேருக்கு நேர் பேசும் செல்வாக்கும் கிடைத்தன. அந்தச் செல்வாக்கை எதற்குப் பயன்படுத்துவது? மிகப் பழைய நிக்கோலாஸ் கதை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

அந்தக் கதைக்கு 'படைத்தலைவர்கள் கதை' என்று பெயர். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒருவர் இதை மேற்கோள் காட்டுவதால் அதற்கு முன்பே எழுத்தில் இருந்திருக்கிறது. கான்ஸ்டன்டைன் காலத்தில், இன்றைய துருக்கியின் உள்நாட்டுப் பகுதியான பிரிகியாவில் எழுந்த கலகத்தை அடக்க நெப்போத்தியானுஸ், உர்சுஸ், ஹெர்பிலியோன் என்ற மூன்று படைத்தலைவர்கள் கடல் வழியாகப் போகிறார்கள். காற்று ஒத்துழைக்காமல் ஆண்ட்ரியாக்கேயில் கப்பல்கள் தங்குகின்றன. சிப்பாய்கள் சந்தைக்குள் புகுந்து பொருட்களைப் பறிக்க, கலவரம் ஆகிறது. ஆயர் நிக்கோலாஸ் துறைமுகத்துக்கே இறங்கி வந்து படைத்தலைவர்களிடம் பேசிச் சமாதானம் செய்கிறார். அப்போது மைராவிலிருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள். ஆளுநர் யுஸ்தாத்தியுஸ் லஞ்சம் வாங்கிக்கொண்டு மூன்று நிரபராதிகளுக்கு மரண தண்டனை விதித்துவிட்டார், ஆயர் ஊரில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்கிறார்கள்.

நிக்கோலாஸ் ஓடுகிறார். வழியில் எதிரே வருகிறவர்களிடம் "இன்னும் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டுக் கேட்டு ஓடுகிறார். கொலைக்களத்தில் மூவரும் முகம் மூடப்பட்டு, கழுத்தை நீட்டி மண்டியிட்டிருக்கிறார்கள். கொலையாளி வாளை ஓங்கிவிட்டான். நிக்கோலாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன் கையிலிருந்து வாளைப் பறித்து எறிகிறார். கட்டுகளை அவிழ்க்கிறார். நேரே ஆளுநர் மாளிகைக்குப் போய்க் கதவைத் தள்ளுகிறார். ஆளுநர் பயந்துபோய், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சொல்லித்தான் செய்தேன் என்கிறார். "அந்த இரண்டு பேர் அல்ல, பொன்னும் வெள்ளியும்தான் செய்யச் சொல்லின" என்பது ஆயரின் பதில்.

கதை அங்கே முடியவில்லை. இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்த படைத்தலைவர்கள் போரை முடித்துத் தலைநகர் திரும்புகிறார்கள். பொறாமைக்காரர்கள் அவர்கள்மீது ராஜதுரோகப் பழி சுமத்துகிறார்கள். தலைமை அதிகாரி அப்லாபியுஸ் பணத்தை வாங்கிக்கொண்டு பேரரசரிடம் கோள் சொல்ல, மூவருக்கும் மரண தண்டனை. கடைசி இரவில் நெப்போத்தியானுஸுக்கு மைராவில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. "நிக்கோலாஸின் கடவுளே" என்று அழுது வேண்டுகிறார்கள். அன்றிரவு கான்ஸ்டன்டைனின் கனவிலும் அப்லாபியுஸின் கனவிலும் நிக்கோலாஸ் தோன்றி, அவர்களை விட்டுவிடு என்று மிரட்டுகிறார். காலையில் விடுதலை.

கனவை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கதையின் பின்னணி காற்றில் கட்டியது அல்ல. அப்லாபியுஸ் உண்மையான மனிதர், கான்ஸ்டன்டைனின் கடைசி வருடங்களில் மிகப் பலம் வாய்ந்த அதிகாரி. நெப்போத்தியானுஸ் என்ற பெயருடைய ஒருவர் 336இலும் உர்சுஸ் என்ற ஒருவர் 338இலும் ரோமப் பேரரசின் கான்சல்களாக, அதாவது ஆண்டுதோறும் நியமிக்கப்படும் மிக உயர்ந்த பதவியில், இருந்தார்கள். காலம் சரியாகப் பொருந்துகிறது. நிக்கோலாஸ் பற்றி ஏதாவது ஓர் உண்மை நிகழ்வு கதைக்குள் எஞ்சியிருக்கிறதென்றால் அது இந்த மூன்று கைதிகளின் நிகழ்வாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த கதையும்கூட. அற்புதம் எதுவும் இல்லாமல், ஒரு வயதானவர் மூச்சிரைக்க ஓடிப்போய் வாளைப் பிடிக்கிற கதை புனிதர் இலக்கியத்தில் அபூர்வம். ருஷ்ய ஓவியர் இலியா ரேப்பின் 1889இல் இந்தக் காட்சியைப் பெரிய அளவில் வரைந்தார்.

தானியக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். லிசியாவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து அரசுத் தானியக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் நூறு மரக்கால் தரச் சொல்லி ஆயர் கேட்கிறார். அளந்து ஏற்றிய தானியம், குறைந்தால் எங்கள் தலை போகும் என்று மாலுமிகள் தயங்குகிறார்கள். பிறகு தருகிறார்கள். தலைநகரில் அளந்தபோது ஒரு படிகூடக் குறையவில்லை. அற்புதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பஞ்ச காலத்தில் அரசுத் தானியத்தில் கைவைக்க ஓர் ஆயர் துணிந்தார் என்ற நினைவு இதில் இருக்கிறது.

இப்போது பரிசுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பை, இரவு வருகை, யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போவது, எல்லாவற்றுக்கும் ஊற்று மூன்று பெண்களின் கதை. அதை விரிவாகச் சொல்லும் பழைய நூல் மிக்கேல் என்ற மடத்துத் தலைவர் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய வாழ்க்கை வரலாறு. அதாவது நிக்கோலாஸ் இறந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம் கழித்து.

பத்தாராவில் ஒரு குடும்பம் நொடித்துப் போகிறது. தகப்பனுக்கு மூன்று பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லாததால் யாரும் கட்டிக்கொள்ள முன்வரவில்லை. சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலையில், பெண்களை விபசாரத்துக்கு அனுப்புவது என்று தகப்பன் முடிவு செய்துவிட்டார். குழந்தைகளுக்கான புத்தகங்கள் இந்த இடத்தை 'ஏழைப் பெண்கள்' என்று மெழுகிவிடுகின்றன. மூல நூல் மெழுகவில்லை. பெற்றோரை இழந்து சொத்துக்கு வாரிசாகியிருந்த இளம் நிக்கோலாஸ், அப்போது ஆயர் அல்ல, இதைக் கேள்விப்படுகிறார். இரவில் போய் ஜன்னல் வழியாக ஒரு பை நிறையப் பொற்காசுகளை உள்ளே போட்டுவிட்டு வந்துவிடுகிறார். காலையில் தகப்பன் அதை வைத்து மூத்தவளுக்குக் கல்யாணம் செய்கிறார். அது ஒழுங்காக நடந்ததைப் பார்த்த பிறகுதான் நிக்கோலாஸ் இரண்டாவது பையைப் போடுகிறார். மூன்றாவது தடவை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, காசு விழுந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பிடித்துக் காலில் விழுகிறார். நிக்கோலாஸ் கேட்பது ஒன்றுதான்: நான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே.

இது எவ்வளவு தூரம் கிறிஸ்தவக் கதை? சிலர் இது பழைய கிரேக்கக் கதையின் மறுபதிப்பு என்பார்கள். ஒப்பிட ஒரு கதை உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலோஸ்திராத்துஸ் எழுதிய தியானா அப்போலோனியுஸின் வரலாற்றில், நான்கு பெண்களுக்கு வரதட்சணை சேர்க்க முடியாத ஒருவர் வருகிறார். ஞானியான அப்போலோனியுஸ் அவருக்கு ஒரு நிலத்தைக் காட்ட, அதில் புதையல் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அப்போலோனியுஸ் தன் கையிலிருந்து ஒரு காசும் தரவில்லை. அவர் காட்டியது தன் ஞானத்தை, அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி. நிக்கோலாஸ் தன் சொந்தச் சொத்தைக் கொடுக்கிறார், கொடுத்தது தெரியக்கூடாது என்று தவிக்கிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை ஓர் இரவுக் காட்சியாக நடத்திக் காட்டினால் இந்தக் கதைதான் வரும்.

அந்தக் காலத்து நகரங்களில் பணக்காரர்கள் கொடுக்காமல் இல்லை. குளியல் கூடம் கட்டினார்கள், விளையாட்டு நடத்தினார்கள், பதிலுக்குக் கல்வெட்டில் பெயரும் சிலையும் வாங்கிக்கொண்டார்கள். லிசியாவிலேயே ரோடியாபொலிஸ் ஊரைச் சேர்ந்த ஒப்ரமோவாஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டுச் செல்வந்தர் தன் கொடைகளையெல்லாம் சொந்தக் கல்லறைச் சுவர் முழுக்க வெட்டிவைத்தார். அவருடைய கொடையைப் பெற்ற நகரங்களில் மைராவும் உண்டு. அதே மண்ணில், பெயரே வேண்டாம் என்று இருட்டில் போட்டுவிட்டு ஓடுகிற ஒருவரைக் கதாநாயகனாக்கிக் கதை சொன்னது புது மனப்போக்கு. கொடை பெற்றவர்களிலும் மாற்றம் உண்டு. பழைய கொடை குடிமக்களுக்கு, நகரத்துக்கு. நிக்கோலாஸ் கொடுத்தது நகரமே கைவிட்ட ஒரு வீட்டுக்கு.

இது நிக்கோலாஸ் ஒருவரின் தனிக் குணம் மட்டும் இல்லை, அந்தத் தலைமுறைச் சபைகளின் வேலையே இதுவாக இருந்தது. கைம்பெண்கள், அநாதைகள், கைதிகள் பெயர்ப்பட்டியல் வைத்து உணவு கொடுப்பது ஆயரின் பொறுப்பு. கிறிஸ்தவத்தை விட்டு விலகிய பேரரசர் யூலியன் 362இல் ஒரு கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதினார். எதிரி எழுதியது என்பதால் எனக்கு இது எந்தப் புனிதர் வரலாற்றையும்விடப் பெரிய சான்று. நிக்கோலாஸ் கதைகள் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் வளர்ந்த மண் இதுதான்.

பலரும் கேட்கும் இன்னொரு கதை: 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தில், இயேசு தந்தைக்கு இணையான கடவுள் அல்ல என்று போதித்த ஆரியுஸை நிக்கோலாஸ் கன்னத்தில் அறைந்தார் என்பது. டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப்பில் படத்தோடு சுற்றும். சங்கத்தில் கலந்துகொண்டவர்களின் பட்டியல்கள் பல இருக்கின்றன. சிலவற்றில் மட்டும் அவர் பெயர் வருகிறது, அதனால் போயிருக்க வாய்ப்பு உண்டு. அறைந்த கதை 14ஆம் நூற்றாண்டுக்கு முன் எழுத்தில் தென்படுவதில்லை. அப்போதுகூட அறை வாங்கியவர் ஆரியுஸ் அல்ல, அவர் போதனையைப் பின்பற்றிய யாரோ ஒருவர்தான். கைதிகளுக்காக ஓடியவரை அடிதடிக்காரராக நினைவில் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் எப்படி மேற்கே போனார்? மாலுமிகள் கொண்டுபோனார்கள், கடைசியில் எலும்பையும் சேர்த்து. 1071இல் மன்சிகெர்ட் போரில் வென்ற பின் செல்ஜுக் துருக்கியர் ஆசியா மைனருக்குள், அதாவது இன்றைய துருக்கிக்குள், பரவினார்கள். 1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் மைராவுக்கு வந்து, காவலிருந்த துறவிகளை மீறிக் கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு மே 9 அன்று பாரி சேர்ந்தார்கள். பக்தி என்றார்கள், பாதுகாப்பு என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் திருட்டுதான். விட்டுப்போன துண்டுகளைச் சில வருடம் கழித்து வெனிஸ்காரர்கள் எடுத்துப் போனார்கள். 1950களில் பாரி கல்லறையைச் செப்பனிட்டபோது உடற்கூறு பேராசிரியர் லூயிஜி மார்த்தினோ எலும்புகளை அளந்தார். எழுபது வயதைத் தாண்டிய, நடுத்தர உயரமுள்ள ஆண் என்பது தெரிந்தது. அந்த அளவுகளையும் படங்களையும் வைத்துப் பின்னர் பிரிட்டனில் முகத்தை மீட்டுருவாக்கியபோது மூக்கு உடைந்து கோணலாக ஆறியிருந்தது தெரியவந்தது. எப்படி உடைந்தது என்று எலும்பு சொல்லாது, துன்புறுத்தலோடு அதை முடிச்சுப் போடுவது வெறும் ஆசை.

பாரியிலிருந்து அவர் பக்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 12ஆம் நூற்றாண்டில் மேற்கில் இன்னொரு கதை சேர்ந்தது. பஞ்சத்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரன் மூன்று சிறுவர்களை வெட்டி உப்புத் தொட்டியில் போட்டுவைக்க, நிக்கோலாஸ் வந்து உயிர்ப்பிக்கிறார். கொடூரமான கதை, ஆனால் அவரைப் பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாவலராக்கியதில் இதற்குப் பங்கு உண்டு. டிசம்பர் 6 பிள்ளைகளின் நாளானது. முந்திய இரவில் பிள்ளைகள் ஷூவை வெளியே வைக்க, காலையில் அதில் தின்பண்டம் இருக்கும். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் புனிதர் வணக்கத்தை விலக்கிய புராட்டஸ்டண்ட் நாடுகள் பரிசு நாளையும் மாற்றப் பார்த்தன. ஜெர்மனியில் குழந்தை இயேசுவே பரிசு தருகிறார் என்று டிசம்பர் 24க்கு நகர்த்தினார்கள். நெதர்லாந்தில் மட்டும் வீட்டுக்குள் நிக்கோலாஸை அசைக்க முடியவில்லை. 1660களில் யான் ஸ்டேன் வரைந்த ஓவியத்தில், ஷூவில் பிரம்பு கிடைத்து அழுகிற பையனையும் பொம்மையை அணைத்துச் சிரிக்கிற சிறுமியையும் பார்க்கலாம். அங்கே அவர் பெயர் சின்டர்கிளாஸ், இன்றும் ஆயருக்குரிய உயரமான தொப்பியும் செங்கோலுமாகத்தான் வருகிறார்.

அந்தப் பெயர்தான் நியூயார்க்கில் சாண்டா கிளாஸ் ஆனது. அந்த நகரத்தின் பழைய டச்சு வேரை நினைவுகூர விரும்பிய ஜான் பிண்டார்ட் 1810 டிசம்பர் 6 அன்று வரலாற்றுச் சங்கத்தில் நிக்கோலாஸ் விழா நடத்தினார். 1823இல் ஒரு செய்தித்தாளில் வந்த கவிதை, கிளமென்ட் கிளார்க் மூர் எழுதியதாகச் சொல்வது, எட்டு கலைமான் வண்டி, புகைபோக்கி, குண்டு வயிறு எல்லாவற்றையும் நிலைநிறுத்தி, வருகையையும் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுக்கு மாற்றியது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் பத்திரிகையில் வரைந்த படங்கள் இன்றைய உருவத்தைக் கொடுத்தன, 1881இலேயே முழு வடிவம் வந்துவிட்டது. கோகோ கோலாவுக்காக ஹாடன் சன்ட்ப்ளோம் வரையத் தொடங்கியது 1931இல்தான். அந்த விளம்பரங்கள் உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோயின, உருவாக்கவில்லை.

1969இல் வத்திக்கான் அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. அந்த ஆண்டு நாள்காட்டியைத் திருத்தியபோது அவர் நாள் விருப்ப நினைவு ஆனது, அவ்வளவுதான். டிசம்பர் 6 திருப்பலியில் இன்றும் அவரை நினைவுகூரலாம்.

கிரேக்க நாட்டில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர் நிக்கோலாஸ் இல்லை, அவர் கடலோடிகளின் புனிதர். பரிசு வருவது ஜனவரி 1 அன்று, கொண்டுவருபவர் புனித பசில். அவரும் நான்காம் நூற்றாண்டு ஆயர், அவரும் ஆசியா மைனர்தான், செசாரியா ஊர். 369 வாக்கில் வந்த பஞ்சத்தில் பணக்காரர்களின் களஞ்சியங்களைத் திறக்க வைத்துச் சோறு போட்டார், ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு குடியிருப்பே கட்டினார். இரண்டு மரபுகள் தனித்தனியாகத் தேடி, ஒரே நூற்றாண்டின், ஒரே நிலப்பகுதியின் ஆயர்களையே பிள்ளைகளின் பரிசுக்காரர்களாகத் தேர்ந்திருக்கின்றன. அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? கேரல் பவனியில் முகமூடி போட்டு ஆடுகிற தாத்தாவை அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. டிசம்பர் 6 வருகிற வாரத்து வகுப்பில் அந்த மூன்று கைதிகளின் கதையை நாடகமாக நடத்துங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கைதி வேடமும் சிப்பாய் வேடமும் நன்றாகப் பொருந்தும், கொலையாளி ஆக ஆளாளுக்குப் போட்டி போடுவார்கள், ஓடிவரும் ஆயருக்கு வசனமே அதிகம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்புக்கு மேலிருந்தால், வரதட்சணைக் கதையை மெழுகாமல் சொல்லலாம். அந்தத் தகப்பன் ஏன் அப்படி ஒரு முடிவுக்கு வந்தார் என்பது நம் பிள்ளைகளுக்கு விளக்காமலே புரியும். முடிந்தால் அந்த வாரம் வகுப்பில் கொஞ்சம் காசு சேர்த்து, பங்கில் கஷ்டப்படும் ஒரு வீட்டுக்குப் பெயர் எழுதாத கவரில் போட்டு அனுப்புங்கள். எந்த வீடு என்பது பங்குத்தந்தைக்கு மட்டும் தெரிந்தால் போதும்.